படங்குக் கயிறும் வயிற்றுத் தழும்பும்

"வயித்துத் தழும்புக்கு மருந்தா? அழகுக்கு அலையிறாளுக!" இந்தப் பேச்சை லயத்துல நாங்க கேட்காத நாள் குறைவு. அழகுக்கே ஆசைப்பட்டாலும் என்ன தப்பு?

காசு கொடுத்து வயிற்றுத் தோலை வெட்டி இழுத்துத் தைத்துக்கொள்பவர்களுக்கு வைத்தியர்கள் சொல்வது: ஆறு வாரமாவது பாரம் தூக்காதீர்கள். காயம் ஆறியதும் சிலிக்கன் தாளைத் தினமும் 12 மணிநேரமாவது, மாதக்கணக்கில் ஒட்டுங்கள். உரசல் வேண்டாம்.

சிசேரியன் செய்த தோட்டத்துப் பெண்ணுக்கும் அதே அடிவயிற்றில்தான் வெட்டு. சட்டப்படி பிரசவ லீவு 84 நாள். 2018இல் திருத்தம் வந்தபிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதுதான். தழும்பு முதிரவோ ஒரு வருஷமாவது எடுக்கும். லீவு முடிந்து மலைக்குப் போனால், இடுப்பில் படங்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்க வேண்டும். மழையும் வியர்வையும் உரசலும் சேர்ந்து அந்த இடத்தை அரிக்க வைக்கும், புண்ணாக்கும். சிலருக்குக் காயத்தின் எல்லையைத் தாண்டிக் கீலாய்ட் தடிக்கும்; கறுத்த தோலில் அது கூடுதலாகவே வரும். வலியில் கை தளர்ந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்!

இதை வேலைத்தளப் பிரச்சினை என்றுதான் நாங்கள் சொல்வோம். திரும்பி வரும் தாய்க்குச் சில மாதம் படங்கு கட்டாத இலகு வேலை, முழுப்பேரோடு. பிள்ளையின் நிறையைப் பார்க்கும் கிளினிக்கிலேயே தாயின் தழும்பையும் பார்க்கட்டும்; சிலிக்கன் தாளும் கீலாய்டுக்கான ஊசியும் இலவசமாகக் கிடைக்கட்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களே, சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இதையும் வையுங்கள். சந்தா கட்டுறது எங்க அம்மாமார்தானே?