சொகுசுக் கப்பல்களின் சுகாதாரச் சோதனை: பயணிகளும் ஊழியர்களும் வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: ஒன்றிய சுகாதாரம், குடும்பநல அமைச்சகம்; துறைமுகங்கள், கப்பல், நீர்வழிப் போக்குவரத்து அமைச்சகம்; கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம்; இந்தியத் துறைமுகங்களில் இருந்து பயணிகளை ஏற்றும் எல்லாக் கப்பல் நிறுவனங்களும்.

சென்னை, மும்பை, கொச்சித் துறைமுகங்களில் சொகுசுக் கப்பல் ஏறும் பயணிகளும், அந்தக் கப்பல்களிலும் அயல்நாட்டுக் கப்பல்களிலும் சமைத்து, பரிமாறி, அறை துடைத்துச் சம்பாதிக்கும் ஊழியர்களும், அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடு நடத்தும் குடும்பத்தாரும் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

2022 ஜூனில் சென்னையில் இருந்து சொகுசுக் கப்பல் புறப்பட்டபோது தமிழக முதல்வர் கொடியசைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அது இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மக்கள் ஆவலோடு டிக்கெட் எடுத்தார்கள். 2024 செப்டம்பர் 30 அன்று ஒன்றிய அரசு ‘குரூஸ் பாரத் மிஷன்’ திட்டத்தைத் தொடங்கி, ஐந்தாண்டில் கப்பல் சுற்றுலாப் பயணிகளை இரட்டிப்பாக்குவோம் என்றது. முனையம் கட்டுவது பற்றிப் பேசுகிறார்கள், சலுகை பற்றிப் பேசுகிறார்கள். கப்பலுக்குள் இருக்கும் குடிநீர்த் தொட்டியை யார் சோதித்தார், சமையற்கூடத்துக் குளிர்பதன அறையில் என்ன வெப்பநிலை இருந்தது, போன மாதம் எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள் என்பதைப் பணம் கட்டும் பயணி தெரிந்துகொள்ள இன்று வழியில்லை.

சோதனையே நடப்பதில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. துறைமுகச் சுகாதார அலுவலர்கள் இருக்கிறார்கள். 1955-ஆம் ஆண்டின் துறைமுகச் சுகாதார விதிகள் இருக்கின்றன. பன்னாட்டுச் சுகாதார விதிமுறைகள் 2005-இன்படி, வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுகாதாரச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். சமையற்கூடம், சரக்கறை, குடிநீர், கழிவுநீர், ஊழியர் தங்கும் பகுதி, மருத்துவ அறை எல்லாம் அந்தப் படிவத்தில் வரிசையாக உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழ் கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் இடையில் கைமாறும் காகிதம். சாப்பிடப்போகிறவர் கண்ணுக்கு அது எட்டுவதில்லை.

எங்கள் முதல் கோரிக்கை: முன்னறிவிப்பு இல்லாத சோதனை, மதிப்பெண், வெளியீடு மூன்றும் சட்டப்படி கட்டாயமாக்கப்பட வேண்டும். இது நடக்காத காரியமல்ல. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1970-களிலேயே கப்பல் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. வெளிநாட்டுத் துறைமுகம் தொட்டு அமெரிக்காவுக்கு வரும், 13 பயணிகளுக்குக் குறையாத சொகுசுக் கப்பல்கள் அதன் வரம்புக்குள் வருகின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் ஏறுகிறார்கள். நூற்றுக்கு 86 எடுத்தால் தேர்ச்சி; 85 என்றாலும் தோல்விதான். தோற்ற கப்பலை மறுபடி சோதிக்கிறார்கள். மதிப்பெண்ணும், குறையும், அதைச் சரிசெய்ததாக நிறுவனம் எழுதிக்கொடுக்கும் பதிலும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியாகின்றன. அயல்நாட்டுக் கப்பல்களில் வேலை பார்த்த எங்கள் பிள்ளைகள் இந்தச் சோதனைக்குக் கப்பலில் வழங்கும் ‘யு.எஸ்.பி.ஹெச்.’ என்ற பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருகிறார்கள். அந்தச் சோதனைக்காகப் பழகிய கைப்பழக்கம் அவர்களோடு ஊர் திரும்புகிறது. அதே ஒழுங்கை இங்கும் கேட்பதில் தவறென்ன?

முன்னறிவிப்பு ஏன் கூடாது என்பதற்கு 2013 ஜூனில் அலாஸ்காவின் ஸ்கேக்வே துறைமுகத்தில் நடந்ததே போதும். ‘சில்வர் ஷேடோ’ என்ற உயர்ரகக் கப்பலில் அதிகாரிகள் ஏறினார்கள். சமையற்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய உணவு, தட்டு தட்டாகத் தள்ளுவண்டிகளோடு ஊழியர்கள் தூங்கும் கேபின்களுக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. கெட்டுப்போகக்கூடிய உணவு, குளிர்பதனம் இல்லாத அறைகளில். கப்பலுக்குக் கிடைத்தது 82. சொல்லாமல் வந்தபோதே இவ்வளவு ஒளிக்க முடிந்தது என்றால், தேதி சொல்லிவிட்டு வரும் சோதனையில் எதைப் பார்க்க முடியும் என்பதை அதிகாரிகள் எண்ணிப்பார்க்க வேண்டும். அந்தத் தள்ளுவண்டியை உருட்டிப் போனவர் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர். உருட்டச் சொன்னவர் மேலே இருப்பவர். ஆகவே ஒளித்தது கண்டுபிடிக்கப்பட்டால் தண்டனை நிறுவனத்துக்கு வர வேண்டும். கடைநிலை ஊழியர் தலையில் கட்டிவிடக் கூடாது.

இரண்டாவது கோரிக்கையே இந்தச் சாசனத்தின் உயிர்: நோய் வந்ததைச் சொல்லும் ஊழியருக்கு ஒரு ரூபாயும் குறையக் கூடாது.

கப்பல்களில் கூட்டமாக வயிற்றுப்போக்கு வருவதற்குப் பெரும்பாலும் நோரோ வைரஸ்தான் காரணம். மிகச் சில துகள்களே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும். தொற்றியபின் 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். உடம்பு தேறிய பின்னும் சில நாள் வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். வாசலில் வைக்கும் சானிடைசர் இதற்குப் போதாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். கப்பலில் வரும் நோய்ப்பரவல், அமெரிக்காவில் பதிவாகும் மொத்த நோரோ நோய்ப்பரவல்களில் நூற்றில் ஒரு பங்குதான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். கப்பலைக் கண்டு யாரும் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒரே பஃபே கரண்டியை ஆயிரம் பேர் தொடும் இடத்தில் அது புகுந்தால் வேகம் வேறு. 2014 ஜனவரியில் ‘எக்ஸ்ப்ளோரர் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 600-க்கும் மேற்பட்ட பயணிகள் நோயுற்று, பயணத்தை முன்கூட்டியே முடித்துத் திரும்ப வேண்டியிருந்தது.

இப்போது ஓர் உணவு பரிமாறும் தம்பியை நினைத்துப் பாருங்கள். இரவு இரண்டு முறை வயிற்றுப்போக்கு. காலையில் மருத்துவ அறைக்குப் போய்ச் சொன்னால் தனிமைப்படுத்துவார்கள். அடிப்படைச் சம்பளம் சொற்பம். வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸ். வேலைக்குப் போகாத நாளுக்கு டிப்ஸ் இல்லை. ஒப்பந்தம் ஆறு, ஏழு மாதம். அடுத்த ஒப்பந்தம் வருமா என்பது மேற்பார்வையாளரின் குறிப்பில் இருக்கிறது. ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் நிற்கிறது. அவர் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். எந்த அதிகாரியின் வெப்பமானியும் அதைக் காட்டாது.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006-ஐ இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. நோயுற்ற மாலுமி கப்பலில் இருக்கும்வரை முழுச் சம்பளம் தர வேண்டும் என்று அது சொல்கிறது. முழுச் சம்பளம் என்றால் ஒப்பந்தத் தாளில் எழுதிய சிறு தொகை என்று நிறுவனங்கள் வாசிக்கின்றன. டிப்ஸ் பங்கின் சராசரியும் சேர்ந்ததே நோய்நாள் சம்பளம் என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் ஆணையிட வேண்டும். சமையல், பரிமாறும் பிரிவினர் அறிகுறி நின்ற பிறகும் 48 மணி நேரம் உணவைத் தொடக் கூடாது. அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. நோயை அறிவித்தவருக்கு அடுத்த ஒப்பந்தம் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆளெடுக்கும் உரிமம் பெற்ற நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

2020 பிப்ரவரியை நாங்கள் மறக்கவில்லை. யோகோஹாமாவில் ‘டைமண்ட் பிரின்சஸ்’ நிறுத்தப்பட்டது. 3,711 பேர் இருந்த கப்பலில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. பயணிகள் அறைக்குள் அடைக்கப்பட்டபோது ஊழியர்கள் தொடர்ந்து சமைத்தார்கள். கதவு கதவாகச் சாப்பாடு வைத்தார்கள். பிறகு பகிர்ந்து தங்கும் கேபினுக்குத் திரும்பினார்கள். தொற்று முதலில் உறுதியான 20 ஊழியர்களில் 15 பேர் உணவுப் பிரிவினர். கப்பலில் இருந்த இந்திய ஊழியர்கள் 132 பேர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஆகவே ஊழியர் கேபின், ஊழியர் கழிப்பறை, ஊழியர் மெஸ் மூன்றும் பயணிகள் உணவகத்துக்கு இணையான மதிப்பெண்ணோடு சோதிக்கப்பட வேண்டும் என்பது எங்கள் மூன்றாவது கோரிக்கை. ஒவ்வொரு கப்பலின் கொள்ளைநோய்த் தடுப்புத் திட்டத்திலும் ஊழியரைத் தனிமைப்படுத்தக் காலி கேபின்கள் ஒதுக்கியிருக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்து மணி நேர ஓய்வு என்ற விதி தாளில் கையெழுத்தாக நின்றுவிடாமல், வருகைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட வேண்டும். பதினான்கு மணி நேரம் நின்றவரிடம் இருபது வினாடி கை கழுவச் சொல்வது எளிது, அவர் செய்வாரா?

நான்காவது, தண்ணீர். கப்பலின் கடைக்கோடிக் குழாயிலும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருப்பதைக் கருவி வைத்துப் பதிய வேண்டும். சூடான சுழல்நீர்த் தொட்டிகள் தனிக் கவனம் கோருபவை: 1994-இல் ‘ஹொரைசன்’ கப்பலில் 50 பயணிகளுக்கு லெஜியோனேர் நிமோனியா வந்தது, அந்தத் தொட்டியின் மணல் வடிகட்டியில் கிருமி கிடைத்தது. பதிவேடுகள் பயணிகள் கேட்டால் காட்டப்பட வேண்டும்.

ஐந்தாவது, எண்ணிக்கையை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் பயணிகளிலோ ஊழியரிலோ நூற்றுக்கு மூன்று பேர் வயிற்று நோய் என்று கப்பல் மருத்துவரிடம் சொன்னால் அது பொது அறிவிப்பாகிறது. இரண்டாயிரம் பயணிகள் உள்ள கப்பலில் அது அறுபது பேர். இந்தியத் துறைமுகத்துக்கு வரும் எல்லாக் கப்பலும், வெளிநாடு போனாலும் கடலுக்குள் இரண்டு இரவு சுற்றிவிட்டுத் திரும்பினாலும், கரை சேர 24 மணி நேரம் முன்பே நோயாளிகளின் எண்ணிக்கையைத் துறைமுகச் சுகாதார அலுவலருக்குத் தர வேண்டும். அடுத்த பயணத்துக்குக் காத்திருப்போருக்கும் அது தெரிவிக்கப்பட வேண்டும். அப்போது பயணத்தைக் கைவிட விரும்புவோருக்குப் பணம் முழுதாகத் திரும்ப வேண்டும்.

ஆறாவது, ஆள்பலம். கப்பலின் அளவுக்கேற்ற கட்டணத்தை நிறுவனங்களிடம் வாங்கி, அதை இந்தச் சோதனைக்கே செலவிட வேண்டும். கட்டணம் மட்டும் காப்பாற்றாது என்பதையும் பார்த்துவிட்டோம்: கப்பல்களின் பணத்தில் நடக்கும் அமெரிக்கத் திட்டத்தின் ஊழியர்கள் பலருக்கும் 2025 ஏப்ரல் ஆட்குறைப்பில் பணிநீக்க அறிவிப்பு வந்தது. ஆகவே ஒவ்வொரு சொகுசுக் கப்பல் துறைமுகத்திலும் பயிற்சி பெற்ற நிரந்தரச் சோதனையாளர் பணியிடங்களைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஊழியர் ரகசியமாகப் புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் அதோடு வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளுக்கு எழுத்தில் பதிலும், நிறைவேற்றும் கால அட்டவணையும் கேட்கிறோம். இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கப்பல் டிக்கெட் எடுக்கும் முன், அந்தக் கப்பலின் கடைசிச் சுகாதாரச் சோதனை எந்தத் தேதியில் நடந்தது, என்ன குறை எழுதப்பட்டது என்று நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால், அந்தக் கடிதத்தின் நகலை உங்கள் துறைமுகச் சுகாதார அலுவலருக்கு அனுப்பிவிட்டு, இந்தச் சாசனத்தில் உங்கள் கையெழுத்தையும் போடுங்கள்.