எறிவதற்கு முன் ஒரு சொட்டுப் பெற்றோல்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்மண்டனில் சித்தப்பாவின் அலொட்மென்றில் நின்றோம். குளிர்காலம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்காததால் புல் முழங்காலைத் தாண்டி வளர்ந்திருந்தது. சித்தப்பா கொட்டிலுக்குள் இருந்து பெற்றோல் ஸ்டிரிமரை எடுத்து வந்து கயிற்றை இருபது தரம் இழுத்தார். அது ஒரு இருமல்கூட இருமவில்லை.

"உது முடிஞ்சுது தம்பி. போகேக்கை பறோவெல் கிறீன்ல போட்டிட்டுப் போ. அடுத்த கிழமை புதுசொண்டு வாங்குவம்."

பறோவெல் கிறீன் என்ஃபீல்ட் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரிந்த மீள்சுழற்சி நிலையம். பழைய மெத்தை, பழுதான ரீவி எல்லாவற்றையும் நாங்கள் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுப்போம். சித்தப்பா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சொன்னவர் சித்தப்பா என்பதுதான் எனக்கு அதிர்ச்சி.

ஏனென்றால் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வருவது அருமை. கிடைத்தாலும் விலை கேட்கவே பயம். சனம் மோட்டார் சைக்கிளையும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினையும் மண்ணெண்ணெயில் ஓட்டியது. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த என்ஜினில் பற்றாது. அதனால் முதலில் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சித்தப்பாவின் எம்.டி. 90 அப்படித்தான் ஓடியது. கார்புரேற்றரைக் கழற்றிப் பூட்ட அவருக்குப் பத்து நிமிடம் போதுமாம்.

அப்படிப்பட்ட மனிசன் லண்டனில் இருபது தரம் இழுத்துப் பார்த்துவிட்டு "முடிஞ்சுது" என்கிறார். ஊரில் பொருள் இல்லை, அதனால் திருத்தினார்கள். இங்கே பொருள் மலிவு, நேரம் விலை. இது எனக்கும் விளங்குகிறது. ஆனால் நான் பார்க்கும் வேலை கணினிகளில் பிழை தேடுவது. எது பிழை என்று தெரியாமல் ஒன்றை எறிவது எனக்குப் பிடிக்காது.

"சித்தப்பா, எம்.டி. 90க்கு விட்ட மாதிரி இதுக்கும் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

பெற்றோல் என்ஜினுக்கு மூன்று விசயம் வேண்டும்: எரிபொருள், காற்று, தீப்பொறி. எது இல்லை என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினோம். நனைந்து கறுத்திருந்தால் உள்ளே பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது என்று அர்த்தம். எங்களுடையது காய்ந்து கிடந்தது, அதாவது இருபது தரம் இழுத்தும் பெற்றோல் உள்ளே போகவில்லை. எண்ணெய் கலந்த புதுப் பெற்றோலில் சில சொட்டு அந்த ஓட்டைக்குள் விட்டு, வெளியே சிந்தியதைத் துடைத்து, பிளக்கைத் திருப்பிப் பூட்டி இழுத்தோம். என்ஜின் இரண்டு விநாடி சத்தம் போட்டு நின்றது.

அந்த இரண்டு விநாடி சொன்ன செய்தி பெரியது. தீப்பொறி இருக்கிறது. என்ஜின் செத்துப்போகவில்லை. பிழை டாங்கிக்கும் கார்புரேற்றருக்கும் இடையில்தான்.

டாங்கியில் இருந்ததைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றினோம். போன செப்டெம்பரில் விட்ட பெற்றோல். வார்னிஷ் மாதிரி மணத்தது. அடியில் தனியாக ஒரு படை பிரிந்து நின்றது. 2021 செப்டெம்பரில் இருந்து பிரித்தானியாவில் சாதாரண 95 பெற்றோல் ஈ10 ஆகிவிட்டது. அதில் 10 வீதம் வரை எதனோல் இருக்கலாம். எதனோல் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எதனோலும் சேர்ந்து அடியில் தங்கும். பழைய மெசினின் ரப்பர் குழாய்களும் கார்புரேற்றருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வும் இதனால் பழுதாகலாம். கிழமைக்கு ஒரு தரம் டாங்கி நிரப்பும் காருக்கு இது பிரச்சினை இல்லை. ஆறு மாதம் கொட்டிலுக்குள் தூங்கும் மெசினுக்குப் பிரச்சினை.

டாங்கியைக் கழுவி, பில்ரரைச் சுத்தமாக்கி, ஈ5 சுப்பர் பெற்றோலில் புதுக் கலவை விட்டோம். நாலாவது இழுவையில் பிடித்தது. செலவு ஒரு லீற்றர் பெற்றோல்.

கலவையில் பலர் பிழை விடுகிறார்கள். பெரும்பாலான பெற்றோல் ஸ்டிரிமர்கள் இரண்டு அடி என்ஜின்கள். எண்ணெய்க்குத் தனி இடம் இல்லை, பெற்றோலோடு கலந்துதான் விடவேண்டும். 50க்கு 1 என்றால் 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர். 25க்கு 1 கேட்கும் பழைய மெசின் என்றால் 200. கையேட்டைப் பாருங்கள். எண்ணெயே இல்லாமல் ஓட்டினால் என்ஜின் சிறிது நேரத்தில் இறுகிப்போகும். அதைத் திருத்த ஒரு சொட்டு வித்தை உதவாது. ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலவுங்கள்.

வேறு அறிகுறிகளும் உண்டு. ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடத்தில் நின்றால் டாங்கி மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள்; தொடர்ந்து ஓடினால் மூடியில் காற்றுப் போகும் துளை அடைத்திருக்கிறது. வேகம் கூட்டும்போது மூச்சுத் திணறினால் காற்று பில்ரரையும் புகைக்குழாய் வலையையும் பாருங்கள். நைலோன் நூல் அடிக்கடி முறிந்தால் அது காய்ந்துவிட்டது. ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலையும் ஒன்றாக மாற்றினால் எது பிழை என்று கடைசிவரை தெரியாது.

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் சொல்கிறேன்: நீங்கள் புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால், பெற்றோல் மெசின் வாங்காதீர்கள்.

எட்மண்டன் வரிசை வீடுகளின் பின்வளவுக்குப் பற்றரி ஸ்டிரிமர் தாராளம். கலக்கத் தேவையில்லை, வீட்டுக்குள் பெற்றோல் வைக்கத் தேவையில்லை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் நித்திரையும் குழம்பாது. இரண்டு அடி என்ஜினில் புகை வெளியேறும் நேரத்திலேயே புதுக் கலவையும் உள்ளே வருவதால், ஒரு பங்கு எரியாமலே வெளியே போகிறது. அந்த மணம் உங்கள் மூக்குக்குத்தான் வரும். கலிபோர்னியா இந்த வகைச் சிறு என்ஜின்கள் உள்ள புதுத் தோட்ட மெசின்களின் விற்பனையை 2024 இல் இருந்து கட்டுப்படுத்தியிருக்கிறது. முழு அலொட்மென்ற் என்பது பழைய கணக்கில் 10 போல், ஏறத்தாழ 250 சதுர மீற்றர். அதற்கும் இரண்டு பற்றரி இருந்தால் சமாளிக்கலாம். பற்றைக்காடு, நாள் முழுக்க வேலை, மின்சாரம் இல்லாத இடம் என்றால் மட்டும் பெற்றோல் பற்றி யோசியுங்கள்.

அப்படியென்றால் சித்தப்பாவின் மெசினை ஏன் திருத்தினாய் என்று கேட்பீர்கள். அது ஏற்கனவே செய்யப்பட்ட மெசின். அதன் இரும்பும் பிளாஸ்ரிக்கும் திரும்பிப் போகாது. வருடத்தில் ஆறேழு தரம் ஓடும் ஒன்றை எறிந்துவிட்டுப் புதிதாக இன்னொன்றைச் செய்விப்பது சுற்றாடலுக்கு நல்லது என்று எனக்குப் படவில்லை. இருப்பதை முடியுமட்டும் ஓட்டுங்கள். உண்மையில் செத்த பிறகு பற்றரிக்கு மாறுங்கள்.

இதை வாசிக்கும் தம்பி தங்கைமார் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவரோடுதான் இதைத் தொடவேண்டும். வெளியில், என்ஜின் குளிர்ந்த பிறகு. வெட்டும்போது கண்ணாடி, சப்பாத்து, காதுக்கு மறைப்பு. நூலில் படும் கல் தூரம் பறக்கும், அதனால் ஆட்கள் 15 மீற்றர் தள்ளி நிற்கட்டும். உயர்ந்த புல்லை முதலில் தடியால் விலக்கிப் பாருங்கள். முள்ளெலி சத்தம் கேட்டு ஓடாது. சுருண்டு அங்கேயே கிடக்கும்.

ஒக்ரோபரில் சித்தப்பா என்னைக் கூப்பிடாமலே டாங்கியை வெறுமையாக்கி, மிச்சம் எரிந்து நிற்கும்வரை ஓட்டிவிட்டு மெசினைக் கொட்டிலுக்குள் வைத்தாராம். போனில் சொல்லும்போது எம்.டி. 90 கதை திரும்ப வந்தது. இந்த முறை கார்புரேற்றரை எப்படிக் கழற்றுவது என்றும் சேர்த்துச் சொன்னார். நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் ஓடாத மெசின் ஒன்று இருக்கலாம். டாங்கி மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். பிறகு ஊரில் என்ஜின் திருத்தின ஒரு மாமாவையோ பெரியப்பாவையோ கூட்டிக்கொண்டு வாருங்கள்.