மகளிர் தின ஆஃபரும் மதுரை பபூனும்: கேலி யார் பக்கம் திரும்ப வேண்டும்?

மார்ச் 8 வந்தால் போதும். நகைக்கடையில் செய்கூலி தள்ளுபடி, பார்லரில் காம்போ, ஆபீஸில் ஆளுக்கொரு ரோஜா. பெண்ணியம் விற்பனைச் சரக்காகிவிட்டது என்ற புகார் புதிதில்லை. இதை மதுரை வட்டார நாடக மேடை எப்படிக் கேலி செய்கிறது?

வியாபாரம் எப்போது தொடங்கியது?

1917 மார்ச் 8 அன்று ரஷ்யாவின் பெட்ரோகிராடில் ரொட்டி கேட்டுப் பஞ்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மகளிர் தினத்துக்கு அந்தத் தேதிதான் நிலைத்தது. 12 ஆண்டுகள் கழித்து, 1929-ல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களை சிகரெட்டுடன் நடக்கவிட்டார் விளம்பர ஆலோசகர் எட்வர்டு பெர்னேஸ். பெயர், 'சுதந்திரத் தீப்பந்தங்கள்'. பணம் கொடுத்தது சிகரெட் கம்பெனி!

இங்கேயும் அதே கதைதான். 2004-ல் டவ் பிராண்டுக்காக 'உண்மையான அழகு' பேசத் தொடங்கிய யூனிலீவரின் இந்திய நிறுவனம்தான் 'ஃபேர் அண்ட் லவ்லி' விற்றது. 2020-ல் 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. க்ரீம் விற்பனை நிற்கவில்லை.

பபூன் என்ன செய்கிறார்?

சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த ஸ்பெஷல் நாடகத்துக்கு மதுரைதான் முக்கிய மையம். நிரந்தரக் குழு, ஒத்திகை எதுவும் கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று தனித்தனியாக புக் செய்வார்கள். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும்.

கதைக்கு முன்னால் காமெடி. ரோட்டில் ஆடிக்கொண்டு வரும் பெண்ணும் பபூனும் மோதிக்கொள்வார்கள். 'பொம்பளைக்கு ரோட்டுல என்ன வேலை?' என்கிற தினுசில் வம்பு தொடங்கும். கூட்டம் சிரிக்கும். ஆனால் அடி விழுவது 'மாடர்ன்' பெண்ணுக்கு. சுதந்திரத்தை பாக்கெட் போட்டு விற்பவர் தப்பித்துவிடுகிறார்.

மதுரையை ஆண்டதாகச் சொல்லப்படும் அல்லி அரசிக்கும் இதே கதிதான். வீட்டில் பெண் குரல் உயர்ந்தால் 'அல்லி ராஜ்யம்' என்று இன்றும் கிண்டல் செய்கிறோமே!

மேடையைவிட்டு இறங்கினால்?

மதுரை நாடகக் கலைஞர்களைப் பற்றி ஆய்வாளர் சூசன் சைசர் 2005-ல் புத்தகமே எழுதினார். இரவில் ஊர் ஊராகப் போய் உழைக்கும் நடிகைகள், கெட்ட பெயருக்குப் பயந்து தொழிலை வெளியே காட்டாமல் பயணம் செய்ததை அதில் பதிவு செய்திருக்கிறார். சொந்தச் சம்பாத்தியம், சொந்தத் தொழில் என்று விளம்பரங்கள் கொண்டாடும் பெண் இவர்தான். அந்த விளம்பரங்களில் இவருக்கு இடமில்லை.

அப்போ கேலியே கூடாதா?

கட்டாயம் வேண்டும். ஆனால் லாபம் யாருக்கு என்று பார்த்து அடிக்க வேண்டும். பபூனுக்கு சரக்கா இல்லை? 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டம் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்றது. அதுவரை நாள் முழுக்க நின்றவர்களில் ஏராளமானோர் பெண்கள். மகளிர் தின பேனர் மாட்டிய கடையில் போய், 'ரோஜா இருக்கட்டும் முதலாளி, இந்தப் புள்ளைக்கு நாற்காலி எங்கே?' என்று பபூன் கேட்டால் போதும். சிரிப்பும் வரும், முதலாளி முகமும் மாறும்.