வாடகை குறைவு, வழி தூரம்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி.

"வாடகைக்கு வீடு பிடித்துப் பார்" என்பதையும் ஈரோட்டு மக்கள் அத்துடன் சேர்த்துக்கொள்ளலாம்!

ஈரோடு, ஜவுளிக்கும் மஞ்சளுக்கும் பெயர் பெற்ற ஊர். 1871-ல் நகராட்சி ஆனது. 2008-ல் மாநகராட்சி ஆனது. பிழைப்புத் தேடிப் பல ஊர்க்காரர்களும் இங்கே வருகிறார்கள். வேலை கிடைத்துவிடுகிறது. வீடு கிடைப்பதுதான் கஷ்டம்.

மணிக்கூண்டு, கனி மார்க்கெட், பன்னீர்செல்வம் பூங்கா ஆகியவற்றைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்பவருக்கு வண்டி தேவை இல்லை. கடை, கோவில், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் எல்லாவற்றுக்கும் நடந்தே போய் வரலாம்.

ஆனால் அங்கே வாடகை அதிகம். ஆகவே, ஏழைக் குடும்பங்கள் ஊருக்கு வெளியே வீடு பார்க்கின்றன.

இதில் லாபம் உண்டா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

நகருக்குள் ஒரு லைன் வீட்டுக்கு வாடகை 7 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிலோ மீட்டர் தள்ளிப் போனால், அதே மாதிரி வீடு 5 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. "மாதம் 2 ஆயிரம் மிச்சம்" என்று குடும்பத் தலைவர் மகிழ்ச்சி அடைகிறார்.

வேலைக்குப் போய்வர நாளுக்கு 16 கிலோ மீட்டர். மாதம் 26 நாளைக்கு 416 கிலோ மீட்டர். லிட்டருக்கு 45 கிலோ மீட்டர் ஓடும் வண்டி என்றால், 9 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 900 ரூபாய் தாண்டிவிடும். பிள்ளையின் பள்ளி வேனுக்கு 1,000 ரூபாய். இரண்டையும் கழித்தால், மிச்சம் 100 ரூபாய்கூட இல்லை!

வண்டி பழுதானால் அதுவும் போயிற்று.

காசு மட்டுமா? கனி மார்க்கெட்டில் வாரச் சந்தை திங்கட்கிழமை இரவே களை கட்டிவிடும். செவ்வாய்க்கிழமையும் நடக்கும். மூட்டை இறக்கும் தொழிலாளியும், துணி விற்கும் பெண்ணும் நேரங்கெட்ட நேரத்தில் வீடு திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் பஸ் ஏது?

பள்ளி, கடை, வைத்தியசாலை எல்லாம் 15 நிமிடத்தில் போய்வரும்படி நகரம் அமைய வேண்டும் என்று கார்லோஸ் மொரேனோ என்ற பேராசிரியர் 2016-ல் சொன்னார். 2020-ல் பாரிஸ் மேயர் தேர்தலில் அதுவே ஒரு திட்டமாக முன்வைக்கப்பட்டது. ஈரோட்டின் பழைய தெருக்கள் முன்பே அப்படித்தான் இருக்கின்றன!

ஆகவே, வீடு தேடுவோர் வாடகையை மட்டும் கேட்கக்கூடாது. பள்ளிக்கும் வேலைக்கும் எத்தனை நிமிட நடை என்று நடந்தே பார்க்க வேண்டும். பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை பார்ப்பது நல்லது. தெரு விளக்கு, குடிதண்ணீர், சாக்கடை மூன்றையும் கவனிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாடகைக்குத் தமிழ்நாட்டில் புதுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டது. 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது.

அதன்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்சைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி, குடியிருப்பவரைத் தொல்லை செய்யக்கூடாது.

"வேறு உடன்பாடு" என்பது ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு வரியில் இருக்கலாம். முழுவதும் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். படிக்கச் சிரமப்படுவோர், நம்பிக்கையானவரைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர்களும் யோசிக்க வேண்டும். வாடகை ஒழுங்காக வருமா, வீடு சுத்தமாக இருக்குமா என்று கேட்பது நியாயம். "என்ன சாதி?" என்று கேட்டுக் கதவை மூடுவது நியாயம் அல்ல. உழைக்கிறவனை ஊருக்கு வெளியே தள்ளுவதில் யாருக்கும் பெருமை இல்லை.

மாநகராட்சிக்கும் பொறுப்பு உண்டு. நடைபாதையில் வண்டியும் சரக்கு மூட்டையும் நின்றால், பள்ளிப் பிள்ளை நடுரோட்டில்தான் நடக்கும். நடக்க வழி இல்லாவிட்டால், பக்கத்து வீடும் தூரத்து வீடுதான்!

நகரத்துக் கடைகளைத் திறப்பதும், மூட்டைகளைச் சுமப்பதும், தெருக்களைக் கூட்டுவதும் உழைப்பாளிகளே. அவர்களும் நகரத்துக்குள் குடியிருக்க வழி செய்ய வேண்டும். வேலை முடிந்த கால் மணி நேரத்தில் வீடு சேரும் தகப்பன்தான், பிள்ளையின் பாடத்தைக் கேட்க முடியும்.