மருந்து மட்டும் போதுமா?

புத்தளக் கரையிலே வாழும் எமக்கு வீட்டின் பெறுமதியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் கற்பிட்டியிலும் பாலாவியிலும் தில்லையடியிலும் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கினர். அவர்களுக்கென உலக வங்கியின் கடனுதவியுடன் வீடமைப்புத் திட்டமொன்று 2007இல் அங்கீகாரம் பெறும்வரை ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் கழிந்தன. கூரையற்றவனுக்கு விலாசமில்லை, விலாசமற்றவனுக்கு உரிமையுமில்லை என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

அப்பாடத்தை எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் ஏழையின் விடயத்தில் மட்டும் ஏன் மறந்தோம்?

நோய் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதன் தண்டனை ஒன்றல்ல. பணமுள்ளவனுக்கு அது வைத்தியனோடு முடியும் இரகசியம். மீன் வாடியில் கூலிக்கு நிற்பவனுக்கும், வளைகுடா நாட்டு வீட்டு வேலையிலிருந்து இரத்தப் பரிசோதனையின் பேரில் திருப்பியனுப்பப்பட்ட பெண்ணுக்கும் அது ஊர்ச் செய்தி. செய்தி பரவிய மறுநாளே வீட்டுச் சொந்தக்காரன் வாசலில் நிற்பான்.

இது வெறுங் கற்பனையன்று. கணவரை இழந்த பிரின்சி மங்கலிகாவின் வீட்டை அயலவர் தீக்கிரையாக்கினர். அதனை அவரே பகிரங்கமாக உரைத்துள்ளார். பின்னர் அவர் தம்மைப் போன்ற பெண்களைத் திரட்டி ஓர் அமைப்பை உருவாக்கினார். எரிந்தது ஒரு வீடு. எரித்தது எமது அறியாமை.

அறியாமை என்றே சொல்கிறோம். ஒரே கிணற்றில் அள்ளுவதாலோ, ஒரே கூரையின் கீழ் உறங்குவதாலோ இக்கிருமி தொற்றாது. நாளாந்தம் மருந்துண்டு இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியேனும் அது பரவுவதில்லை. அம்மருந்தை எமது அரசு 2004 முதல் இலவசமாக வழங்கி வருகிறது. அது போற்றுதற்குரியதே. ஆனால் வாரமொரு திண்ணையில் படுப்பவன் அம்மருந்தை எங்கே வைப்பான்? யார் கண்ணுக்கு மறைத்து விழுங்குவான்? கூரையில்லாதவனுக்குக் கொடுத்த மருந்து பாதி மருந்தே.

“நாட்டில் வீடற்றோர் எத்தனையோ பேர், இவர்களுக்கு மட்டும் தனிச் சலுகையா?” என்பார் உளர். ஏனைய ஏழை வாடகை கொடுக்க இயலாமையால் வெளியேற்றப்படுகிறான். இவனோ வாடகை கொடுத்தும் வெளியேற்றப்படுகிறான். தனியே இழைக்கப்படும் அநீதிக்குத் தனியே பரிகாரம் வேண்டும். தனியுடைமையின் கோட்டையாகிய அமெரிக்காவிலேயே 1990இல், இந்நோயுற்ற வறியோரின் குடியிருப்புக்கென மத்திய அரசு நிதி ஒதுக்கச் சட்டம் பிறந்தது. பயனாளியின் பெயரை மறைத்துக் காப்பதும் அத்திட்டத்தின் விதி.

இவ்விதியே எமக்கு முக்கியமானது. உதவிப் படிவம் கிராம உத்தியோகத்தரின் மேசையில் நோயின் பெயரோடு கிடந்தால், கிடைக்கும் வீட்டைவிட இழக்கும் ஊரே பெரிதாகும். அவ்வாறே “எயிட்ஸ் குடியிருப்பு” என்று தனியிடம் ஒதுக்குவதும் வேண்டாம். 1708இல் ஒல்லாந்தர் ஹெந்தளையில் தொழுநோயருக்குக் கட்டிய விடுதியின் வரலாறு போதும். எமது கோரிக்கை ஊருக்கு நடுவே, மற்றவர் வீடுகளைப் போன்றதொரு வீடு. வைத்தியரின் பரிந்துரை மாத்திரம் அதற்குப் போதுமானதாயிருக்க வேண்டும். நோயைக் காரணங்காட்டி வெளியேற்றுவதைத் தெளிவாகத் தடுக்கும் சட்டமும் வேண்டும்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 27ஆம் உறுப்புரையிலே போதிய உணவு, உடை, வீடு ஆகியவற்றை எல்லாப் பிரசைகளுக்கும் இலட்சியமாக வகுக்கிறது. 29ஆம் உறுப்புரையோ அவற்றை எந்த நீதிமன்றிலும் வலியுறுத்த முடியாதென்கிறது. ஒரு கையால் தந்ததை மறு கையால் பறிப்பது இதுவன்றோ!

ஆசிரியர்களாகிய நாமும் குற்றமற்றவரல்லர். 2016இல் எமது வடமேல் மாகாணத்துக் குளியாப்பிட்டியிலே, எயிட்ஸ் வதந்தியால் ஆறு வயதுச் சிறுவனொருவனுக்குப் பாடசாலை மறுக்கப்பட்டது. பெற்றோர் தம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து விலக்கினர். அவ்வாண்டிலேயே உயர் நீதிமன்றம் அவனது கல்வி உரிமையை உறுதிசெய்தது. நீதிபதிகள் சொல்லுமுன் அதனைச் சொல்லியிருக்க வேண்டியவர் யார்? அப்பெற்றோரும் ஒரு காலத்தில் எமது வகுப்பறைகளில் அமர்ந்திருந்தவர்களே.

வீட்டுக் கதவைச் சட்டம் திறக்கலாம். அயலவர் மனக்கதவைத் திறப்பது எமது தொழில். அதனை நாளைய பாடவேளையிலேயே தொடங்குவோம்.