இரண்டு இலட்சம் பிறகு, முதலில் ஒரு வயர்



கொஞ்சம் நீளமான பதிவு. பாடசாலை போகும் பிள்ளைகள் உள்ள வீட்டார் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

நம்ம பாடசாலை ஸ்மார்ட் வகுப்பறைக்கு "சவுண்ட் சிஸ்டம்" வாங்க இரண்டு இலட்சம் ரூபா சேர்க்கப் போவதாக வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதைத் தொடங்கியவர்களின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைக்கும் நம்ம தம்பிமார் சிலர் பணம் அனுப்பத் தயார் என்று ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். அதனால்தான் இதை இன்றைக்கே எழுதுகிறேன்.

இந்தச் சேகரிப்பு இப்போது தேவையில்லை. பாடசாலையில் ஒலிபெருக்கி இருக்கிறது, லெப்டொப்பும் இருக்கிறது. ஒன்றின் சத்தத்தை மற்றதுக்குக் கொண்டுபோக ஒருவரும் மெனக்கெடவில்லை. அந்த ஒருவரில் நானும் அடக்கம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆங்கிலப் பாடத்தில் கேட்டல் பயிற்சிக்கு லெப்டொப்பில் ஒலிப்பதிவு போடுவேன். வகுப்பில் 42 பிள்ளைகள். மேலே மூன்று ஃபேன். பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவில் அரைச்சுவர். பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை ஒவ்வொரு முறையும் பாதி வெறுமையான தாளைத் தருவாள். "கேட்டலில் பலவீனம்" என்று என் கொப்பியில் குறித்து வைத்தேன். பெற்றார் கூட்டத்தில் அவளின் உம்மாவிடமும் அதையே சொன்னேன்.

போன தவணையில் ஒரு நாள் நானே போய்ப் பின்வாங்கில் உட்கார்ந்து அதே ஒலிப்பதிவைக் கேட்டேன். ஒரு வசனமும் முழுதாக விளங்கவில்லை. ஃபேன் சத்தம்தான் கேட்டது. பலவீனம் அந்தப் பிள்ளையிடம் இல்லை. கேட்காத ஒன்றுக்கு அவளை எழுதச் சொல்லி, எழுதவில்லை என்று புள்ளி வெட்டியது நான்தான்.

லெப்டொப்பின் உள் ஸ்பீக்கர் சின்னஞ்சிறியது. பலதில் அது மேசையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். முன்னால் உட்காரும் ஒருவருக்காகச் செய்யப்பட்டது, 42 பேருக்கு அல்ல. அதே நேரம் களஞ்சியறையில் ஒரு அம்ப்ளிபயரும் இரண்டு பெட்டி ஸ்பீக்கரும் பூட்டிக் கிடக்கின்றன. விளையாட்டுப் போட்டிக்கு ஒரு தரம், பரிசளிப்பு விழாவுக்கு ஒரு தரம் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவற்றின் மேல் தூசி.

இரண்டையும் இணைக்க என்ன வேண்டும்? ஒரு முனையில் 3.5 மில்லிமீற்றர் ஹெட்போன் பின், மறுமுனையில் சிவப்பு வெள்ளை இரண்டு பின் உள்ள வயர். டிவி, டெக் இணைக்கும் வயரை விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். சில நூறு ரூபாதான். பின்னை லெப்டொப்பின் ஹெட்போன் துளையில் செருகினால் உள் ஸ்பீக்கர் தானாக அடங்கி, சத்தம் வயர் வழியே வெளியே போகும். மறுமுனை அம்ப்ளிபயரின் "ஓக்ஸ்" அல்லது "லைன் இன்" துளைக்குப் போக வேண்டும்.

"முன்பு ஒரு தரம் செய்து பார்த்தோம், சரிவரவில்லை" என்கிறார்கள். ஏன் சரிவரவில்லை என்று யாராவது கேட்டோமா? மைக் துளையில் செருகியிருப்பார்கள். மைக்கிலிருந்து வரும் மின் சைகை மிகச் சிறியது, லெப்டொப்பிலிருந்து வருவது அதைவிடப் பல மடங்கு பெரியது. மைக் துளைக்கு அது தாங்காது, சத்தம் கரகரவென்று உடையும். அல்லது புரொஜெக்டரை எச்டிஎம்ஐ வயரில் இணைத்திருப்பார்கள். அப்போது பல லெப்டொப்களில் சத்தமும் படத்தோடு சேர்ந்து புரொஜெக்டருக்கே போய்விடும். திரையின் கீழ்மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, சத்தம் எதன் வழியாகப் போக வேண்டும் என்று மாற்றிவிட்டால் முடிந்தது. "ஹூம்" என்று இரைச்சல் வந்தால் லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு மின் இணைப்பில், ஸ்பீக்கரில் அல்ல.

கணனி கூடத்துப் பழைய கணனிகளுக்கும் இதுதான் வழி. பெட்டிக்குப் பின்னால் உள்ள பச்சைத் துளைதான் வெளி ஸ்பீக்கருக்குரியது, ரோஸ் நிறத் துளை மைக்குக்கு. போடும்போது "பீப்" என்று கத்துவது மதர்போர்டின் குட்டி ஸ்பீக்கர். அது கோளாறு சொல்வதற்காக இருப்பது, பாடம் கேட்க அல்ல.

"அம்ப்ளிபயரைப் பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள்" என்பது அடுத்த கதை. அப்படியென்றால் இரண்டு இலட்சத்துக்கு வாங்கும் புதியதை உடைக்க மாட்டார்களா? அதுவும் அதே களஞ்சியறையில், அதே பூட்டுக்குள்தான் போகும். இன்னொன்றையும் யோசியுங்கள். புதிய செட் வந்தாலும் லெப்டொப்பின் சத்தத்தை அதற்குக் கொண்டுபோக இதுபோல ஒரு இணைப்பு வேண்டும், இதே ஒரு அழுத்தல்தான். இன்றைக்கு இதைப் பழகாதவர்கள் அன்றைக்கும் பழகமாட்டோம்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய செட்டுக்குத் திறப்பு விழா வைக்கலாம், அன்பளித்தவரின் பெயரை ஒட்டலாம், படம் எடுத்து இங்கே போடலாம். ஒரு வயரில் பெயர் எழுத இடமில்லை. நம்ம ஊரில் பல நல்ல காரியங்கள் நின்றுபோவது காசு இல்லாமல் அல்ல, பெயர் எழுத இடம் இல்லாமல்.

பெரிய அரங்குக்கு அந்தப் பழைய செட் போதாமல் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் போதுமா போதாதா என்று பார்க்காமலே வாங்குவது வீண்விரயம். நான் கேட்பது இவ்வளவுதான். களஞ்சியறைத் திறப்பை இரண்டு வாரத்துக்கு ஆசிரியர்களிடம் தாருங்கள். வயரை நான் வாங்கி வருகிறேன். அபிவிருத்திச் சங்கத்தில் இருந்து யாராவது வந்து பின்வாங்கில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்கவில்லை என்றால் சேகரிப்புக்கு முதல் காசு என்னுடையது.

கேட்டால், அந்தப் பணத்தை வேறொன்றுக்குப் பாவிப்போம். அரைச்சுவரை முழுச்சுவராக்குங்கள். எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வைத்தாலும் பக்கத்து வகுப்பின் சத்தம் அதற்கு மேலால்தான் வருகிறது.

அந்தப் பிள்ளையின் உம்மாவிடம் போய், நான் சொன்னது பிழை என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப இனி கேக்குமா சேர்?" என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நாம் எல்லோரும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். கருத்து வேறுபட்டால் கீழே எழுதுங்கள், கதைப்போம். அபிவிருத்திச் சங்கத்தில் உள்ளவர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.