தேர்வுத் துடுப்பாட்டத்தில் மட்டையாட்ட மைல்கற்களும் பந்துவீச்சு மைல்கற்களும்

தேர்வுத் துடுப்பாட்டத்தில் ஒரு மட்டையாளர் 10,000 ஓட்டங்களைக் கடப்பதும், ஒரு பந்து வீச்சாளர் 500 விக்கெட்டுகளை வீழ்த்துவதும் மிக உயர்ந்த மைல்கற்களாகக் கருதப்படுகின்றன. இவ்விரண்டில் எது பெரிது என்பது துடுப்பாட்ட ஆர்வலர்களிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. சென்னையைச் சேர்ந்த ரவிச்சந்திரன் அசுவின் 2024 பெப்ரவரி 16 அன்று ராஜ்கோட்டில் தமது 500ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று, ஆஸ்திரேலியத் தொடர் முடியும் முன்னரே, 537 விக்கெட்டுகளுடன் பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து விலகினார். தமிழ்நாட்டில் இவ்விவாதத்துக்கு அவரது ஆட்ட வாழ்வே நல்ல சான்றாகும்.

எண்ணிக்கை

10,000 ஓட்டங்களை முதலில் எட்டியவர் சுனில் காவசுக்கர் (1987). 500 விக்கெட்டுகளை முதலில் எட்டியவர் மேற்கிந்தியத் தீவுகளின் கோர்ட்னி வால்சு (2001). 2025 இறுதி வரை முதல் மைல்கல்லைப் பதினைந்து பேரும் இரண்டாவதை ஒன்பது பேரும் மட்டுமே கடந்துள்ளனர். எனினும் அருமையைக் கொண்டு மட்டும் பெருமையை அளக்க இயலாது. இவ்வெல்லைகள் எண்களின் அழகு கருதி மனிதர் வகுத்துக்கொண்டவையே. 600 விக்கெட்டுகளை எல்லையாகக் கொண்டால் பந்து வீச்சாளர் பட்டியல் ஐவராகச் சுருங்கிவிடும்.

வெற்றியில் பங்கு

எதிரணி தானாக ஆட்டத்தை முடித்துக்கொண்டாலொழிய, தேர்வுப் போட்டியொன்றை வெல்ல அவ்வணியின் 20 விக்கெட்டுகளையும் வீழ்த்தியாக வேண்டும். எத்தனை ஓட்டங்கள் குவித்தாலும் இதற்கு மாற்றில்லை. சென்னை சேப்பாக்கம் அரங்கின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. 1952 பெப்ரவரியில் இந்தியா தனது முதல் தேர்வு வெற்றியை இங்குதான் பெற்றது. பங்கஜ் ராய், பாலி உம்ரிகர் ஆகியோர் சதமடித்திருந்தாலும், இங்கிலாந்தை வீழ்த்தியது வினூ மன்கட் எடுத்த 12 விக்கெட்டுகளே. 1988 சனவரியில் நரேந்திர கிர்வானி தமது முதல் போட்டியிலேயே 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மேற்கிந்தியத் தீவுகள் தோற்றது.

மாறாக, 2008 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வீரேந்தர் சேவாக் 319 ஓட்டங்கள் குவித்த போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1999 சனவரியில் பாகிஸ்தானுக்கு எதிராகச் சச்சின் டெண்டுல்கர் எடுத்த 136 ஓட்டங்கள் இன்றும் பேசப்படுகின்றன. இந்தியாவோ 12 ஓட்டங்களால் தோற்றது. அப்போட்டியில் இரு இன்னிங்சுகளிலும் ஐந்து ஐந்து விக்கெட்டுகள் எடுத்தவர் சக்லைன் முசுதாக். ஆட்ட நாயகன் விருது டெண்டுல்கருக்கே சென்றது. 2016 டிசம்பரில் கருண் நாயர் ஆட்டமிழக்காமல் எடுத்த 303 ஓட்டங்கள் எல்லோர் நினைவிலும் உள்ளன. இறுதி நாளில் 103 ஓட்டங்கள் வரை விக்கெட் இழக்காதிருந்த இங்கிலாந்தை 207 ஓட்டங்களுக்குள் சுருட்டிய ரவீந்திர ஜடேஜாவின் ஏழு விக்கெட்டுகளை நினைவுகூர்வோர் குறைவு. விருதும் நாயருக்கே கிடைத்தது.

மட்டையாட்டமே வெற்றி தந்த நிகழ்வுகளும் உண்டு. 2008 டிசம்பரில் இதே அரங்கில் 387 ஓட்டங்கள் என்ற இலக்கைச் சேவாக்கின் அதிரடியும் டெண்டுல்கரின் சதமும் எட்டவைத்தன. ஆயினும் இத்தகைய நான்காம் இன்னிங்சு வெற்றிகள் அரிதானவை.

மதிப்பில் வேறுபாடு

சதம் அடித்தவரின் மட்டை உயர்வதை அரங்கமே எழுந்து நின்று பார்க்கிறது. ஐந்து விக்கெட் எடுத்தவர் பந்தை உயர்த்திக் காட்டிவிட்டு நடக்கிறார். இவ்வேறுபாடு பாராட்டோடு நின்றுவிடுவதில்லை. அணித் தேர்விலும் வெளிப்படுகிறது. 2023 சூனில் நடைபெற்ற உலகத் தேர்வு வாகையர் இறுதிப் போட்டியில், பந்து வீச்சாளர் தரவரிசையில் அப்போது முதலிடத்தில் இருந்த அசுவின் சேர்க்கப்படவில்லை. ஆடுகளத்தின் தன்மை காரணமாகக் கூறப்பட்டது. இந்தியா 209 ஓட்டங்களால் தோற்றது. முதலிடத்திலுள்ள மட்டையாளர் ஒருவரை ஆடுகளத்தைக் காரணம் காட்டி வெளியே அமர்த்துவது எண்ணிப் பார்க்கவும் அரிது. தொடர் நாயகன் விருதை 11 முறை பெற்று முத்தையா முரளிதரனுக்கு இணையாக நிற்பவரும் அசுவினே.

இலங்கையின் மலையகத் தமிழரான முரளிதரன் 2010 சூலை 22 அன்று காலியில் தமது கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டைப் பெற்றார். அவ்விக்கெட்டுடன் இந்தியாவின் இன்னிங்சு முடிந்தது. இலங்கை பத்து விக்கெட்டுகளால் வென்றது.

குறுகிய ஆட்டங்களும் பிற விளையாட்டும்

ஓவர் எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட ஆட்டங்களுக்கு மேற்கண்ட கணக்கு பொருந்தாது. அங்கு விக்கெட் வீழ்த்தாமலேயே ஓட்டங்களைக் கட்டுப்படுத்தி வெல்லலாம். நன்னிலம் போன்ற காவிரிப் படுகை ஊர்களில், சம்பா அறுவடை முடிந்த வயல்களில் டென்னிசு பந்து கொண்டு ஆடப்படும் ஆட்டங்களும் இவ்வகையினவே. அங்கு சிக்சர் அடிப்பவரே நாயகன் என்பதில் வியப்பில்லை.

அமெரிக்க அடிபந்தாட்டத்தில் இதனை ஒத்த மைல்கற்கள் பந்தெறிபவரின் 300 வெற்றிகளும் அடிப்பவரின் 3,000 அடிகளும் ஆகும். முன்னதை 24 பேரும் பின்னதை 33 பேரும் எட்டியுள்ளனர். தொடக்கப் பந்தெறிபவர்கள் முன்னைவிடக் குறைவாகவே பந்தெறிவதால், 2009இல் ராண்டி ஜான்சனுக்குப் பின் எவரும் 300ஐ எட்டவில்லை. துடுப்பாட்டத்தில் 500 விக்கெட் எடுத்த ஒன்பது பேரில், 2025 இறுதியில் தேர்வுப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தவர் ஆஸ்திரேலியாவின் நேத்தன் லயன் மட்டுமே.